ஒரு மீன் பல்லுக்கு ரசீது வேண்டும்

புதைபடிவங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு (அப்படி யாரேனும் இருந்தால்),

வணக்கம்.

அரியலூரும் பெரம்பலூரும் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மழைக்குப் பிறகு பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊர்ப் பக்கத்து ஓடையில் எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவி ஒரு பல்லைக் கண்டெடுத்தாள். விரல் நகத்தில் பாதி நீளம், பழுப்பு நிறம். மேற்பூச்சின் மினுமினுப்பு இன்னும் போகவில்லை. நுனி லேசாக வளைந்து, ஒரு விளிம்பு மட்டும் கூராக இருக்கிறது. சுறாப் பல் அல்ல. என்கோடஸ் என்ற எலும்பு மீனுடையது என்று நினைக்கிறேன். உறுதிசெய்ய வேண்டியவர்கள் நீங்கள். டைனோசர் காலத்துக் கடலில் வேட்டையாடிய இந்த மீனின் உறவான தும்பிலி, வாய் நிறையப் பல்லோடு இன்றும் நம் சந்தைக்கு வருகிறது.

பல்லை ஒப்படைக்கப் போனோம். முதல் அலுவலகத்தில் இது கனிமம் என்றார்கள். அடுத்ததில் தொல்பொருள் என்றார்கள். மூன்றாவதில் ஒருவர், “ஞாபகத்துக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சார்” என்றார், மிக அன்பாக.

வைத்துக்கொள்ள முடியாது, ஐயா. எந்த இடம், எந்தப் பாறை அடுக்கு என்று பதிவாகாத பல்லால் ஆய்வுக்குப் பயனில்லை. காரைக் களிமண்ணுக்கும் அரியலூர் மணற்கல்லுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள். மாணவி இடத்தையும் மண்ணின் நிறத்தையும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறாள். பல்லையும் நோட்டையும் வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுங்கள் என்கிறோம்.

புதுச்சேரிப் பக்கம் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் திரட்டிய மீன் எச்சங்களை, எகர்ட்டன் என்ற புதைபடிவ ஆய்வாளர் 1845-ல் லண்டனில் விவரித்து எழுதினார்; என்கோடஸ் அதிலும் உண்டு. கப்பலேறிப் போன பல்லுக்குப் பதிவு இருக்கிறது.

இங்கே சிமெண்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லுக்கு லாரிக்கு லாரி எடைச்சீட்டு உண்டு. அந்தக் கல்லிலும் கடற்சிப்பிகள்தான் மண்டிக் கிடக்கின்றன. பழைய கடலை டன் கணக்கில் அள்ளினால் சீட்டு. ஒரே ஒரு பல்லைக் கொண்டுவந்து கொடுத்தால் கைவிரிப்பு! புதைபடிவம் போன்ற புவிமரபுகளைப் பாதுகாக்க 2022-ல் மசோதா வரைவு வந்தது, மகிழ்ச்சி. ஆனால் சட்டங்கள் நடக்கிற வேகத்தில் பத்தாம் வகுப்புகள் நடப்பதில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். மாவட்டத்துக்கு ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு ரசீதுப் புத்தகம்: தயவுசெய்து இதை மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். எந்த அலுவலகம் என்று எழுதினால் போதும். மறுநாளே பல்லோடும் நோட்டோடும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்