விறாந்தைக் கூட்டம்

கொக்குவில், யாழ்ப்பாணம்

அன்பின் மச்சான்,

எட்டு மாதமாய் ஏன் எழுதவில்லை என்று சொல்லப் போனால் பொய்தான் வரும், விடு. முழங்கால் அப்படியேதான். மருமகள் உப்பைக் குறைத்துவிட்டாள். நெட்டையன் கடைசியில் மதிலைக் கட்டி முடித்துவிட்டான். பந்தயக் காசை அனுப்பி வை.

சிரிக்காமல் வாசி. ஞாயிறு பின்னேரங்களில் நான் சாமி கும்பிடப் போகிறேன்! கோயிலுக்கில்லை. திருநெல்வேலியில், ஓய்வு பெற்ற தாதி ஒருவரின் வீட்டு விறாந்தைக்கு. அவா வேதக்காரி. ஏழெட்டு பிளாஸ்டிக் கதிரை. ஒரு கிழமை திருவாசகத்தில் ஒரு பதிகம், மறு கிழமை பைபிளில் ஒரு சங்கீதம். பிறகு கால் மணித்தியாலம் பேச்சில்லை. முதல் நாள் அந்த நேரம் முழுக்க நான் சீனிப் போத்தலைச் சுற்றிய இலையான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு பிளேன்ரீயும் சண்டையும். செத்த பிறகு என்ன என்று கேட்டால் தாதி "நாம் அறியோம்" என்பா. எங்கள் சைவச் சாமியார் யோகர் சுவாமியின் வாக்கை அவா வாயால் கேட்க வேண்டுமே!

மனுசி போய்ச் சேர்ந்து, கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்த பிறகு, வந்தவர்கள் எல்லாரும் என் சாப்பாட்டைப் பற்றித்தான் கதைத்தார்கள். சாவைப் பற்றிக் கதைக்க அறுபத்தெட்டு வயதில்தான் ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள். அங்கே "ஆருடைய மகன், எந்தக் கோயில்" என்று ஒருவரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில், மச்சான்!

ஆனால் போன கிழமையிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. சைக்கிள் திருத்துகிற ஐயா ஒருவர் வருவார், எண்பதை நெருங்கும். அதிகம் பேசமாட்டார். யாரோ "எப்பவோ முடிந்த காரியம்" என்று சுவாமியின் மற்ற வாக்கை எடுத்துவிட, அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "முடிந்ததென்றால் எனக்கு ஏன் மாரி காலத்தில் இன்னும் முதுகு நோகுது, தம்பி?" 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதி பார்க்காமல் உள்ளே விடச் சொல்லிக் குந்தியிருந்தவர்களில் அவரும் ஒருவராம். சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. பொல்லு மற்றப் பக்கம்.

அப்பா அன்று எந்தப் பக்கம் நின்றார் என்று உனக்குத் தெரியும். என்னைச் சைக்கிள் பாரில் வைத்துக் கொழும்புத்துறைக்குச் சுவாமியிடம் கூட்டிப்போன அதே மனுசன்.

ஒருவரும் ஆருடைய மகன் என்று கேட்காதது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது, பார். அன்று வெளிக்கிடும்போது ஐயா என் சைக்கிளின் பின்சில்லை அமத்திப் பார்த்து, "காத்துக் காணாது, நாளைக்குக் கடைக்குக் கொண்டு வாரும், காசு வேண்டாம்" என்றார். நான் போகவில்லை. சைக்கிள் இன்னும் மாமரத்தடியில்தான் நிற்கிறது.

சொல்லவா, விடவா? "நீ ஒரு விசரன்" என்று மட்டும் எழுதி அனுப்பாதே. அது எனக்குத் தெரியும்.

உன்,
கட்டையன்