ஆட்டம் முடியும் முன்பே நின்றுபோகும் பதிவு: லயன்ஸின் 2023 சீசன் குறித்து ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் நேரலைத் தொலைக்காட்சிச் சேவையின் சந்தாதாரர்,
டெட்ராய்ட் புறநகர், மிச்சிகன்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: பிப்ரவரி 2024

பொருள்: அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் பதிவு பாதியில் நிற்பது, விளையாட்டுத் தொகுப்புக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மையீர்,

டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் உங்கள் சந்தாவையும் அதற்கு மேல் விளையாட்டுத் தொகுப்பையும் வாங்கினேன். மருத்துவமனையில் எனக்கு வார இறுதிகளில் இரவுப் பணி. ஞாயிறு பகல் தூக்கத்தில் போய்விடும், மாலையில் மறுபடி கிளம்ப வேண்டும். எந்த ஆட்டத்தையும் முழுதாகப் பதிவு செய்து பின்னர் பார்க்கலாம் என்று நீங்கள் விளம்பரம் செய்ததை நம்பினேன்.

உங்கள் பதிவு முழு ஆட்டத்தையும் தரவில்லை. நிகழ்ச்சி அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் முடிந்ததும் நின்றுவிடுகிறது, களத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தாலும்.

இந்த விளையாட்டைக் கொஞ்சம் பார்த்தவருக்கே தெரியும், மூன்று மணி நேரம் போதாது என்று. கடிகாரக் கணக்குப்படி அறுபது நிமிடம்தான். ஆனால் எறிந்த பந்து (பாஸ்) பிடிபடாமல் விழுந்தால் கடிகாரம் நிற்கும். ஒவ்வொரு பாதியிலும் அணிக்கு மூன்று டைம் அவுட், நடுவர்களின் மறு ஆய்வு, பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஆட்டத்தை நிறுத்தும் இரண்டு நிமிட எச்சரிக்கை, இடையிடையே விளம்பரங்கள். ஒளிபரப்பாளர்களே இதை உணர்ந்துதான் ஞாயிறு பிற்பகலின் இரண்டாவது பெரிய ஆட்டத்தை 2012இல் 4.15 மணியிலிருந்து 4.25க்குத் தள்ளிவைத்தார்கள், முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் வெட்டுப்படக் கூடாது என்று. அதே ஆட்டத்தைப் பதிவு செய்து தரக் காசு வாங்கும் நீங்கள் அந்தக் கவனத்தைக் காட்டவில்லை.

இந்த சீசனில் லயன்ஸின் கதை முழுக்கக் கடைசி நிமிடங்களில்தான் இருந்தது. செப்டம்பர் 7 அன்று நடப்பு சாம்பியன் கான்சாஸ் சிட்டியை அவர்கள் ஊரிலேயே 21-20 என்று வென்றதை விடுப்பில் இருந்ததால் நேரலையில் பார்த்தேன். அதன் பிறகு உங்கள் பதிவுதான் எனக்குக் கதி. நவம்பர் 12, சார்ஜர்ஸுடன் 38-38. பதிவு அங்கே நின்றது. பயிற்சியாளர் டான் கேம்ப்பெல் நான்காவது டவுனில், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் கடைசி வாய்ப்பில், துணிந்து ஆடவைத்ததையும், கடைசி நொடியில் ரைலி பேட்டர்சன் ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து 41-38 என்று முடித்ததையும் நான் பார்க்கவில்லை. அடுத்த வாரம் சிகாகோ பேர்ஸுடன் 26-14 என்று பின்தங்கியிருந்தோம். பந்தை எறியும் எங்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் மூன்று பாஸ்களை எதிரணியிடம் பறிகொடுத்திருந்தார். மனம் நொந்து பார்த்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. கடைசி சில நிமிடங்களில் பதினேழு புள்ளிகள் எடுத்து 31-26 என்று வென்றோம் என்பதை மறுநாள் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போதே உங்கள் உதவி மையத்தில் கேட்டேன். ஆட்டத்துக்கு அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொன்னார்கள். அப்படிச் செய்ததால் டிசம்பர் 24 அன்று மின்னசோட்டாவை 30-24 என்று வென்று, 1993க்குப் பிறகு முதல் முறையாகப் பிரிவுப் பட்டத்தை எடுத்ததை முழுதாகப் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியில் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

அதிலிருந்து ஆறாம் நாள் டல்லாஸ் அணியுடன் அவர்கள் ஊரில் ஆட்டம். 20-13 என்று நாங்கள் பின்தங்கியிருந்த நிலையில் பதிவு நின்றது. அடுத்த நிகழ்ச்சி "மறு ஒளிபரப்பு" என்பதால் தானாகவே தவிர்க்கப்பட்டதாம். 23 நொடி மீதமிருக்கையில் எங்கள் செயின்ட் பிரவுன் டச் டவுன் (ஆறு புள்ளி) எடுத்தார். பிறகு கூடுதல் இரண்டு புள்ளிக்கான முயற்சியில் எங்கள் தடுப்பாட்டக்காரர் டெய்லர் டெக்கர் பிடித்த பந்தை, அந்த முயற்சிக்கு முன் பாஸ் பிடிக்கும் தகுதியை நடுவரிடம் தெரிவித்தவர் அவரில்லை, சக வீரர் டான் ஸ்கிப்பர் என்று சொல்லி ரத்து செய்தார்கள். 20-19 என்று தோற்றோம். அந்த வாரம் முழுக்க என் பணியிடத்தில் இதே பேச்சு. நடுவரிடம் டெக்கர் நடந்து சென்றாரா, என்ன சொன்னார் என்று ஆளாளுக்கு வாதாட, எனக்கு மட்டும் சொல்ல ஒன்றுமில்லை. துண்டுக் காணொளிகளில் பார்ப்பது அந்த ஆட்டத்தைப் பார்த்ததாகாது.

எல்லாவற்றையும் விட வலித்தது ஜனவரி 14. எங்கள் அரங்கமான ஃபோர்டு ஃபீல்டில் ராம்ஸ் அணியுடன் பிளே ஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்று. பன்னிரண்டு ஆண்டுகள் எங்களுக்காக ஆடிய மேத்யூ ஸ்டாஃபர்ட் எதிரணியில். அவருக்கு ஈடாக வந்த காஃப் நம் பக்கம். 1992 ஜனவரிக்குப் பிறகு லயன்ஸ் ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட வென்றதில்லை. என்னுடன் வேலை பார்க்கும் அம்மையார், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அந்த வெற்றியை இளம்பெண்ணாக இருந்தபோது பார்த்தவர். அவ்வளவு காலம் காத்திருந்த இரவு. 24-23 என்று நாங்கள் முன்னிலை, பந்து ராம்ஸ் கையில். பதிவு முடிந்தது. அதே கணக்கில் வென்றபோது அரங்கமே காஃபின் பெயரைச் சொல்லி முழங்கியதை நான் கேட்கவில்லை.

இதனால் ஜனவரி 28 அன்று சான் பிரான்சிஸ்கோவுடனான ஆட்டத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். பாதியில் 24-7 என்று முன்னிலையில் இருந்தும் 34-31 என்று தோற்றோம். அந்தத் தோல்வி அணியுடையது, அதை ஏற்றுக்கொள்வேன். விடுப்பு எடுக்க வைத்தது உங்கள் சேவை.

செப்டம்பர் முதல் ஜனவரி வரை நான் செலுத்திய விளையாட்டுத் தொகுப்புக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். பதிவுகள் உங்கள் சர்வர்களில்தான் இருக்கின்றன. மேலே சொன்ன ஆட்டங்களின் முழு ஒளிபரப்பு உங்களிடம் இருந்தால் விடுபட்ட பகுதிகளை என் கணக்கில் சேர்த்துக் கொடுங்கள். நேரலை விளையாட்டு என்றால் ஒளிபரப்பு முடியும்வரை பதிவு தானாக நீள வேண்டும். அதைச் செய்ய முடியாதென்றால் விளம்பரத்திலிருந்து "முழு ஆட்டம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

ஏப்ரல் 25 முதல் 27 வரை என்எஃப்எல் டிராஃப்ட் (அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) டெட்ராய்ட்டிலேயே நடக்கவிருக்கிறது. அந்த இரவுகளிலும் எனக்குப் பணி இருக்கும், பதிவு செய்துதான் பார்க்க வேண்டும். அதற்குள் உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலும் கட்டணமும் வந்து சேரவில்லையென்றால் சந்தாவை ரத்து செய்துவிட்டு, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்