செயலாளரின் ஆண்டறிக்கை: வீட்டிலிருந்து கரைப்பறவைப் பதிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடலை நோக்கிய மாடிகளிலும் சன்னலோரங்களிலும் இருந்து பருவந்தோறும் பறவைகளைக் குறித்துவரும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். கூட்டங்கள் முறைப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

குறிப்பேடுகளை ஒன்றுசேர்த்துப் படித்தபோது தெரியவந்த ஒரு பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது; அதை அதிகம் செய்தவன் நானே. நாள்தோறும் காலை 7 மணிக்கு எண்ணுவதையே ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். நாளுக்கு இருமுறை ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறி வற்றும் கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்வதால், ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. ஆகவே, இன்று காலை 7 மணிக்கு வற்றிய சேற்றில் பரவி இரைதேடும் உள்ளான்களும் மூக்கன்களும், ஒரு வாரம் கழித்து அதே மணிக்கு நீர் ஏறிவிட்டதால் மேட்டுப்பாங்கான வேறிடத்தில் ஒதுங்கி நிற்கும். அவை வலசை கிளம்பிவிட்டன என்று நான் எழுதிவைத்த நாளின் மாலையிலேயே மற்றோர் உறுப்பினர் அவற்றை எண்ணி முடித்திருக்கிறார். இனி ஒவ்வொரு குறிப்பிலும் மணியோடு ஓதநிலையும் பார்த்த கால அளவும் இடம்பெற வேண்டும் எனச் செயற்குழு தீர்மானித்துள்ளது.

கல்திருப்பி உள்ளான் வந்த நாளைத் தவறாமல் எழுதும் நாம், வராத நாள்களை எழுதுவதில்லை. பார்த்தும் காணாத நாள்கள் பதிவாகாதவரை, முதல் வரவு என்று நாம் குறிப்பது நாம் முதலில் எட்டிப்பார்த்த நாளாகவும் இருக்கலாம். பறவை பார்ப்போரின் பதிவுகளைத் திரட்டும், 2002-இல் தொடங்கப்பெற்ற இ-பேர்ட் இணையதளம், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளும் பட்டியலில் உள்ளனவா என்று கேட்பதன் காரணமும் இதுவே: பட்டியல் முழுமையானால்தான் அதில் இல்லாத பறவை காணப்படவில்லை என்று கொள்ள முடியும்.

அடையாளத்தில் கடற்காகங்களே நம்மை வழக்கம்போல் குழப்பின. கருந்தலைக் கடற்காகம் குளிர்காலத்தில் தலையின் அடர்நிறத்தை இழந்து, கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளியோடு நிற்பதால், சிலர் அதை வேறோர் இனமாகவே எழுதியிருந்தனர். அத்தகைய குறிப்புகளை அழிக்காமல், திருத்தத்தைப் பக்கத்தில் எழுதியுள்ளோம்.

ஓதநிலைக்கும் பார்த்தும் காணாத நாளுக்கும் தனிக் கட்டமுள்ள புதிய படிவத்தின் மாதிரியை இவ்வறிக்கையுடன் இணைத்துப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்