மகளிர் தின விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் மகளிர் தின விழா நடத்தும் குழுவினருக்கு வணக்கம்.

மார்ச் மாதம் வந்தால் உங்கள் மேடைகளில் ஒரே கதைதான். 1857 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் தையல் தொழிலாளிப் பெண்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் அடித்து விரட்டியது, அதன் நினைவாகவே இந்த நாள் என்கிறீர்கள். ஆலைத் தீயில் கருகிய பெண்களின் நினைவுநாள் என்று சொல்பவர்களும் உண்டு. கோலப் போட்டியும் ஒரே நிறப் புடவையும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பேச்சுக் குறிப்பை மட்டும் மாற்றுங்கள்.

1857 ஊர்வலத்துக்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் அகப்படவில்லை. 1950களில் பிரான்சில் தலைகாட்டிய கதை அது. தீ விபத்து உண்மைதான். நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆலையில் 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். வெளியேறும் கதவு பூட்டிக் கிடந்தது. ஆனால் அது நடந்தது 1911 மார்ச் 25. முதல் சர்வதேச மகளிர் தினம் அதற்கு ஆறு நாள் முன்பே, மார்ச் 19 அன்று, ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்தில் நடந்து முடிந்துவிட்டது.

இதில் என்ன பெரிய தப்பு என்று கேட்பீர்கள். அடிபட்டவர்கள், வெந்து செத்தவர்கள் என்றே சொல்லிச் சொல்லி, சங்கம் கட்டிய பெண்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டோம்.

அந்தத் தீக்கு முன்பு நடந்ததைப் பாருங்கள். 1909 நவம்பர் 22, நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபம். சட்டை தைக்கும் பெண்கள் நிரம்பி வழிகிறார்கள். மேடையில் தலைவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக நிதானம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மணிக்கணக்காக. கூட்டத்திலிருந்து கிளாரா லெம்லிக் எழுந்தார். வயது இருபதுகளில்தான். மறியலில் நின்றதற்காக அடியாட்களிடம் உதை வாங்கி விலா எலும்பு முறிந்தவர். பேச்சு போதும், பொது வேலைநிறுத்தம் என்று முடிவெடுப்போம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் சொன்னார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். ட்ரையாங்கிள் பெண்களும் அதில் இருந்தார்கள்.

மகளிர் தினத் தீர்மானம் வந்தது 1910 ஆகஸ்டில், கோபன்ஹேகனில் கூடிய சோசலிஸ்ட் பெண்கள் மாநாட்டில். 17 நாடுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். ஜெர்மன் சோசலிஸ்ட் தலைவர் கிளாரா செட்கினும் தோழர்களும் முன்மொழிந்தார்கள். முதல் கோரிக்கை வாக்குரிமை. இத்தனைக்கும் ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் பெண்கள் அரசியல் அமைப்பில் சேர 1908 வரை சட்டப்படி தடை. அதனால் அதுவரை அமைப்பு என்று காட்டிக்கொள்ளாமல், நம்பிக்கைக்குரிய பெண்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து அவர்கள் மூலமே வேலையை ஓட்டினார்கள். ஒட்டிலி பாடர் என்ற தையல்காரப் பெண்தான் அந்த ஏற்பாட்டின் மையம். சட்டத்துக்குள் சந்து கண்டுபிடிப்பதில் நம் ஊர் வக்கீல்களையே மிஞ்சிவிடுவார்கள்!

மார்ச் 8 நிலைத்தது ரஷ்யப் பெண்களால். 1917இல் அதே நாளில் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ரொட்டித் தட்டுப்பாடு, போர், வரிசையில் நின்று நின்று அலுப்பு. இப்போது வேண்டாம் என்று கட்சி ஆண்களே தடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. பக்கத்து உலோக ஆலையின் ஜன்னல்களில் பனிக்கட்டி உருண்டைகளை எறிந்து ஆண்களையும் வெளியே கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் ரஷ்யப் பேரரசர் ஜார் முடி துறந்தார்.

இவர்கள் சோசலிஸ்ட் பெண்கள் என்பதையும் விடாமல் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த அரசியலில் உடன்பாடு இருக்க வேண்டியதில்லை, நடந்தது நடந்ததுதானே.

அப்புறம் இன்னொன்று. உங்கள் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தப் பெண்களுக்கும் அன்று மைக் கொடுங்கள். பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிடாமல் வேலை நேரம், கூலி, பி.எஃப். பற்றிப் பேச விடுங்கள். மேடையில் இருக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு யாருக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.