கருப்பையோடு பிறக்கும் ஆண் குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடலிறக்க அறுவைச் சிகிச்சையின்போது ஓர் ஆணின் வயிற்றில் கருப்பை இருந்தது தெரியவந்தால், அதை விந்தைச் செய்தியாக வெளியிடுவது நாளிதழ்களின் வழக்கமாகிவிட்டது. குழந்தைகள் அறுவை அரங்கில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியிருப்பதால், இதுபற்றிச் சில விளக்கங்களைத் தர விரும்புகிறேன்.

முல்லேரியன் நாளங்கள் மறையாமல் தங்கிவிடும் அரிய பிறவிக் குறைபாடு இது. பின்னர் கருப்பையாக வளரக்கூடிய இந்நாளங்கள் தொடக்கத்தில் ஆண், பெண் இரு கருக்களிலுமே இருக்கும். ஆண் கருவின் விரைகள் ஏறத்தாழ 8-ஆவது வாரத்தில் சுரக்கத் தொடங்கும் முல்லேரியன் எதிர்ப்பு ஹார்மோன் (ஏ.எம்.எச்.) அவற்றைக் கரைத்துவிடும். இவ்வேலையை ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் செய்வதில்லை, விரை சுரக்கும் வேறொரு பொருளே செய்கிறது என்பதை 1940-களில் பிரெஞ்சு அறிவியலாளர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் முயல் கருக்களில் நடத்திய ஆய்வுகள் உணர்த்தின. ஏ.எம்.எச். ஹார்மோனுக்கோ, செல்களில் அதை உணரும் ஏற்பிக்கோ உரிய மரபணு பழுதானால் நாளங்கள் கரையாமல் நின்றுவிடுகின்றன. டெஸ்டோஸ்டீரோனில் குறையில்லை, குரோமோசோம்கள் எக்ஸ்-ஒய், புற உறுப்பும் ஆணுக்குரியதே. ஆகவே குழந்தை ஆண்தான். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

குடலிறக்கத்துக்காகவோ, இறங்காத விரைக்காகவோதான் இச்சிறுவர்கள் பெரும்பாலும் அறுவை மேசைக்கு வருகிறார்கள். இறக்கப் பையைத் திறந்தால், குடலை எதிர்பார்த்த இடத்தில் இளஞ்சிவப்பாகச் சிறு கருப்பையும், சில வேளைகளில் ஒரே பக்கத்தில் இரண்டு விரைகளும் தென்படும். வேண்டாத உறுப்பை அப்போதே வெட்டி எடுத்துவிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் நூலிழை போன்ற விந்து நாளம் அக்கருப்பையின் பக்கச்சுவரை ஒட்டியோ, சுவருக்குள்ளாகவோ ஓடுவதால், அவசரத்தில் வைக்கும் கத்தி அவன் பின்னாளில் தந்தையாகும் வாய்ப்பையே அறுத்துவிடக்கூடும். இப்படி எஞ்சி நிற்கும் கருப்பையில் அரிதாகப் புற்றுநோய் வந்ததும் பதிவாகியிருப்பதால் அதை அப்படியே விட்டுவிடவும் மருத்துவர்கள் தயங்குவர். நாளத்தைச் சிதைக்காமல் நீக்க முடியுமா என்பதைப் பெற்றோருடன் பேசி, திட்டமிட்டு முடிவெடுப்பதே முறை. விரைகளை விரைப்பைக்கு இறக்கிப் பொருத்துவதில்தான் தாமதம் கூடாது.

இது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் தோன்றும் ஒடுங்கு மரபுவழிக் குறைபாடு என்பதால் சிறுவனின் சகோதரர்களையும் பரிசோதிப்பது அவசியம். அடுத்த முறை இத்தகைய செய்தி வெளியாகும்போது, 6 மாதமாகியும் ஆண் குழந்தையின் விரைகளில் ஒன்று கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்