யூரின் டியூப் இன்னும் வேணுமான்னு தினமும் யாராவது கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஐசியூ செலவு பத்தி எழுதியிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா அங்க தங்குற நாள் ஏன் இழுத்துக்கிட்டே போகுதுங்கிறதுல ஒரு முக்கியமான காரணம் விட்டுப்போச்சு. யூரின் டியூப்னால வர்ற இன்ஃபெக்ஷன். நான் ரொம்ப வருஷம் ஐசியூ-ல ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ, அதான் எழுதுறேன்.

ஷாக்குல, அதாவது பிபி ஆபத்தா இறங்கிப்போய் வர்ற பேஷண்டுக்கு மணிக்கு எவ்வளவு யூரின் வருதுன்னு அளந்தே ஆகணும், அப்போ கதீட்டர், அதான் இந்த யூரின் டியூப், கண்டிப்பா வேணும். ஆனா பிபி ஏத்துற மருந்தெல்லாம் நிறுத்தியாச்சு, ஆளு சாய்ஞ்சு உக்காந்து இட்லி சாப்பிடுறாரு, டியூப் மட்டும் அப்படியே கிடக்கும். கேட்டா, ஐசியூ-ல தானே இருக்காரு, இருந்துட்டு போகட்டும்பாங்க. டியூப் உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் யூரின்ல கிருமி சேர 3 முதல் 7 சதவீதம் வாய்ப்பு இருக்குங்க. டியூப் மேலயும் உள்ளயும் வழவழன்னு படலமா ஒட்டிக்கும், அப்புறம் ஆன்டிபயாட்டிக்கும் அதுக்குள்ள சரியா போய்ச் சேராது.

அமெரிக்காவுல 603 ஆஸ்பத்திரிகள்ல இதை குறைக்க ஒரு பெரிய திட்டம் நடத்துனாங்க, ரிசல்ட் 2016ல வந்துச்சு. சாதாரண வார்டுகள்ல இந்த இன்ஃபெக்ஷன் 32 சதவீதம் குறைஞ்சுது, ஐசியூ-ல மட்டும் பெருசா மாறவே இல்ல. எனக்குத் தெரிஞ்சு காரணம் அந்த "இருந்துட்டு போகட்டும்"தான்.

சுத்தமும் முக்கியம், இல்லைன்னு சொல்லல. ஸ்கேனுக்கு கூட்டிட்டுப் போறப்போ யூரின் சேர்ற பேகை தூக்கி பேஷண்ட் வயித்து மேல வச்சுடுவாங்க, பேகுல இருக்கிறது அப்படியே திரும்ப உள்ள போகும். எப்பவும் இடுப்புக்கு கீழதான் தொங்கணும், தரையிலயும் படக்கூடாது. ஒரே ஜக்கை எடுத்துக்கிட்டு பெட் பெட்டா போய் எல்லா பேகையும் காலி பண்றதை நானே பாத்திருக்கேன், கிளவுஸ் கூட மாத்தாம. ஒவ்வொரு பேஷண்டுக்கும் தனி ஜக் வைக்க அப்படி என்ன செலவாகிடும்? யூரின்ல கிருமி இருக்கான்னு பாக்குற கல்ச்சர் டெஸ்டுக்கு சாம்பிளை பேகுல இருந்து பிடிக்கிறதும் தப்பு, டியூப்ல சாம்பிள் எடுக்கவே இருக்கிற போர்ட்டை ஸ்பிரிட் போட்டு துடைச்சு சிரிஞ்ச்ல எடுக்கணும். இல்லாத இன்ஃபெக்ஷனுக்கு மருந்து போடுற நிலைமை அப்படித்தான் வருது.

ஆனா எல்லாத்தையும் விட டியூப்பை சீக்கிரம் எடுக்கிறதுதான் பெரிய வேலை. டாக்டர் கேஸ் ஷீட்ல எழுதுனாத்தான் எடுக்கணும்னு இருக்கிறதால சிஸ்டர்ங்க கையை கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இன்னின்ன காரணம் இல்லைன்னா நர்ஸே எடுத்துடலாம்னு முன்கூட்டியே எழுதி வச்ச உத்தரவு ஒவ்வொரு ஐசியூ-லயும் வேணும். எடுத்தப்புறம் யூரின் போகலைன்னா மூத்திரப்பையில எவ்வளவு தேங்கியிருக்குன்னு காட்டுற பிளாடர் ஸ்கேன் பாத்து முடிவு பண்ணலாம். ஆம்பளைங்களுக்கு உள்ள விடாம வெளியில மாட்டுற காண்டம் கதீட்டரும் இருக்கு.

வாசகர்களுக்கு ஒண்ணு. விசிட்டிங் டைம்ல உள்ள போறப்போ, டியூப் எதுக்கு இருக்கு, எப்போ எடுப்பீங்கன்னு தயங்காம கேளுங்க, எந்த நல்ல சிஸ்டரும் இதுக்கு கோபப்பட மாட்டாங்க. அடுத்த தடவை ஐசியூ பத்தி எழுதுறப்போ ஆசிரியர் இதையும் சேர்த்துப் போடணும்.

ஓய்வு பெற்ற செவிலியர், மதுரை