ஆடியில் பாதையோரம் களைமருந்து அடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தத் தேன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ரப்பர் என்பார்கள், அது சரிதான். மார்கழி, தையில் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, காம்பின் நுனியில் மூன்று இலைகளும் சேருகிற இடத்தில் தேன் சுரக்கும், பூவில்கூட இல்லை. பங்குனி வரை தேனீப் பெட்டியில் தேன் அறை நிரம்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சில மாதம் போனபிறகு தேனீ என்ன தின்னும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்துவிட்டால் ரப்பரில் ஒன்றும் கிடையாது. அப்போது பெட்டியைக் காப்பாற்றுவது தென்னம்பாளையும், விளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்தின் ஓரத்திலும் பாதையோரத்திலும் நிற்கிற தும்பை, தொட்டாச்சிணுங்கி, மூக்குத்திப்பூ இவைதான். மழை வெறித்த ஒரு காலையில் போய்ப் பாருங்கள். தும்பையின் வெள்ளை உதட்டில் உட்கார்ந்து தேனீ தலையை உள்ளே நுழைக்கும்போது மேலே இருக்கிற மகரந்தம் அதன் முதுகில் ஒட்டும். தொட்டாச்சிணுங்கியில் கிடைப்பது பெரும்பாலும் மகரந்தம்தான். வெயில் ஏறுவதற்குள் பின்னங்கால் இரண்டிலும் உருண்டை பிடித்துக்கொண்டு பெட்டி வாசலில் தொப்பென்று வந்து இறங்கும். சர்க்கரைப்பாகு வைத்தால் போதாதா என்கிறார்கள். நாங்களும் வைக்கிறோம். பாகு பசியை அடக்கும், ஆனால் முட்டையிலிருந்து வரும் தேனீப் புழு வளர மகரந்தம் வேண்டும், அது பாகில் இல்லையே.

போன வருடம் ஆடியில் எங்கள் வீட்டுக்கு வரும் பாதையின் இரண்டு பக்கமும் களைக்கொல்லி அடித்தார்கள். நாலைந்து நாளில் எல்லாம் வைக்கோல் நிறம். என்னிடம் 14 பெட்டி இருந்தது. மூன்று வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் பாதிப் பெட்டிகளில் முட்டையும் இல்லை, புழுவும் இல்லை, அடுத்த வாரமே மூன்று கூட்டம் ஓடிப்போய்விட்டது. நம் இந்தியத் தேனீ அப்படித்தான், பட்டினி வந்தால் ராணியோடு கிளம்பிவிடும். காலிப் பெட்டியில் மெழுகுப்பூச்சி அடைமேல் நூல் கட்டியிருந்ததைப் பார்த்து என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மழையும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மழை எல்லா வருடமும்தான் பெய்கிறது.

1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் கற்றுக்கொடுக்கத் தொடங்கி வீட்டுக்கு வீடு பரவிய தொழில் இது. 90களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ வைரஸ் நோய் வந்து புழுவெல்லாம் பைக்குள் தண்ணீர் கட்டினதுபோல் செத்துப்போக, என் அப்பாவுக்கு ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. பிறகு ஒரு மரப்பொந்தில் பிடித்த ஒற்றைக் கூட்டத்தை வைத்து மறுபடி தொடங்கினார். அந்த நோய்க்கு அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதற்கு ஸ்பிரேயரைக் கீழே வைத்தால் போதும்.

காடு பிடிக்க விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி, பாம்பு பயம் எனக்கும் உண்டு. மருந்துக்குப் பதில் வெட்டுங்கள், அதிலும் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு மறுபக்கத்தைப் பூத்து விதை விழுந்தபிறகு வெட்டுங்கள். வெட்டினால் வேர் இருக்கும், மறு மழைக்குத் துளிர்க்கும். ரப்பர் விளைக்காரர்களும் மரத்தின் அடியைச் சுற்றி மட்டும் சுத்தம் செய்துவிட்டு வரப்பை விட்டுவிடலாம். தேனீக்கு மட்டுமல்ல, ஐப்பசியில் கிலுகிலுப்பைச் செடியில் கொத்துக்கொத்தாகத் தொங்குகிற வண்ணத்துப்பூச்சிகளும், புல்விதை தின்ன வருகிற சில்லைக் குருவிகளும் அந்த வரப்பை நம்பித்தான் வருகின்றன.

எங்கள் பாதையில் கிணற்றடியிலிருந்து மெயின் ரோடு வரை நானே அரிவாளால் வெட்டித் தருகிறேன், கூலி வேண்டாம் என்று வார்டு உறுப்பினரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த ஆடிக்கு அந்தத் துண்டில் மட்டுமாவது மருந்து விழாமல் இருந்தால், ஆவணியில் பெட்டியைத் திறந்து முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உங்களுக்கு மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்பவன், திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்